சூரியனின் இரைச்சலும் பெரியகுளத்து பஸ்ஸும்

இரைச்சலுக்குள் மாட்டிக்கொண்ட சேதியைப் பிரித்தெடுப்பது எங்கள் தொழில். ஒரு மூட்டைக் கல்லுக்குள் ஒரு பிடி அரிசியைத் தேடுகிற மாதிரி.

ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு உத்தியோகம். சூரியன் வெளிச்சத்தோடு ரேடியோ அலைகளையும் அனுப்புகிறது. வெளியே நட்ட கம்பிகள் அதை வாங்கும், உள்ளே ரிசீவர் பெருக்கும், நகரும் காகிதச் சுருளில் ஒரு பேனா கோடு இழுக்கும். அந்தக் கோட்டுக்குக் காவல் நான். என் மனைவி மரகதம் பெரியகுளத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. வேலையை விட அவளுக்கு மனமில்லை. விடச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. மலைமேல் உத்தியோகமும் அடிவாரத்தில் குடும்பமுமாக இருந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

காலைநேரத்துச் சூரியன்

நான் சேர்ந்த புதிதில், தினமும் காலை சாப்பாட்டு நேரம் கழிந்ததும் பேனா துள்ள ஆரம்பிக்கும். எங்கள் தலைவரை எல்லோரும் டாக்டர் என்போம். அவருக்கு ஒரே பரபரப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சூரியன் ஓய்வெடுக்கிறது என்று தெரிந்ததும் அவர் முகம் தொங்கிப்போனது; இது சூரியனில்லை, பக்கத்தில் எங்கோ ஓடும் மோட்டார். நானும், என்னோடு வேலை பார்த்த உள்ளூர்க்காரர் சேவியரும் கையில் ஒரு சின்ன ரிசீவரைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினோம். சத்தம் கூடிக்கொண்டே போய் ஒரு வீட்டு வாசலில் நின்றது. உள்ளே மேரியம்மா என்ற தையல்காரம்மா மோட்டார் வைத்த மிஷினில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார்.

கப்பலில் வேலை பார்க்கும் மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி அனுப்பிய மிஷின் அது. அதை எடுத்துப்போக நாங்கள் வந்துவிட்டோம் என்பதுபோல அதன்மேல் கை வைத்துக்கொண்டார். நிறுத்தச் சொல்லவில்லை, மோட்டாரில் ரேடியோ இரைச்சலை அடக்கும் ஒரு கண்டென்சர் மாட்டினால் போதும் என்றார் சேவியர். மறுநாள் மாட்டினோம். எங்கள் பேனா அடங்கியது. ஆனால் மேரியம்மா, வீட்டுக்குள் கேட்கிற சத்தம் குறைந்துவிடவில்லைதானே என்று மிஷினை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துக்கொண்டார். "இது ஓடலேன்னா வீடு ஆளே இல்லாத மாதிரி கெடக்கு சார்," என்றார்.

தெரியாத பாரம்

ஒருநாள் டீ நேரத்தில் டாக்டர் விண்மீன் மண்டலங்களைப் பற்றிச் சொன்னார். தூரத்தில் அவை கூட்டங்கூட்டமாகச் சுற்றுகின்றன. சுற்றும் வேகத்துக்கு எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும்; கண்ணுக்குத் தெரிகிற எடை அவற்றைப் பிடித்துவைக்கப் போதாது. அப்படியென்றால் தெரியாத பாரம் ஒன்று நடுவில் இருந்தாக வேண்டும் என்று சிலர் கணக்குப் போட்டிருக்கிறார்களாம். பெரும்பாலானவர்கள் நம்பவில்லையாம். எனக்கு அன்று முழுக்க அதே நினைப்பு.

சனிக்கிழமை பஸ் பிடித்துப் பெரியகுளம் போனதும் மரகதத்திடம் இதைத்தான் முதலில் சொன்னேன். அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். நோட்டுத் திருத்துவதை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள்: "யாரும் பாக்காத ஒண்ணுக்கு இத்தனை கணக்குப் போடுறாக. எதுத்தாப்புல இருக்கிறவளுக்கு ஒரு மாறுதல் வாங்க உங்களுக்கு வழி தெரியலையே."

பேனா தாண்டிய நாள்

சூரியனில் பெரிய கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று நம் பக்கம் திரும்பியிருந்த வாரம். எந்த நேரமும் ஒரு வெடிப்பு வரலாம் என்று டாக்டர் ரிசீவரைவிட்டு நகராமல் இருந்தார். அப்போதுதான் மரகதத்துக்கு வலி எடுத்துவிட்டதாகத் தந்தி வந்தது. மழையில் பாறை சரிந்து பஸ் ஓடவில்லை. டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்று நான் நின்றபோது, சேவியர் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அடுக்கம் கிராமத்து ஒற்றையடிப் பாதை வழியாக இறங்கினால் வெரசாப் போகலாம் என்றார்.

அட்டைக்கடியோடு வழுக்கி வழுக்கி இறங்கினேன். ஓடையைக் கடக்கும்போது, போய்ச் சேர்வதற்குள் எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று வாய்விட்டே சொன்னேன். நான் போனபோது மகள் பிறந்து துணியில் சுற்றிக் கிடந்தாள். மரகதம் என் காலில் வழிந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு, முதலில் என்னைத்தான் நர்ஸிடம் காட்டினாள்.

திரும்பி வந்தால், அன்றைக்கே வெடிப்பு வந்திருந்தது. மேகம் மறைத்தாலும் ரேடியோ அலைக்குத் தடையில்லை. ஆனால் சேவியர் ரிசீவரின் பெருக்கத்தைக் குறைப்பதற்குள் பேனா காகிதத்தின் விளிம்பைத் தாண்டிவிட்டது. டாக்டர் பல வருஷமாகக் காத்திருந்த உச்சி பதிவாகவில்லை. தட்டையாக வெட்டுப்பட்ட அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டே குழந்தை யார் சாயல் என்று விசாரித்தார். அப்புறம், "என் மகனை நான் முதல்முதலா பார்த்ததே அவன் நடக்கிற வயசிலதான். நீங்க போனது சரிதான்," என்றார்.

அமைதியான சூரியன்

அறுபதுகள் பிறந்து சில வருஷத்தில் சூரியன் அடங்கிவிட்டது. பதினோரு வருஷத்துக்கொரு முறை ஏறி இறங்குவது அதன் சுபாவம். பேனா கம்பி மாதிரி நேர்க்கோடு போட்டது. அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஓய்வுபெற்றார். அடுத்த ஏற்றம் வரும்போது அவர் இங்கே இருக்க மாட்டார். கடைசி நாளும் வெள்ளனே வந்து, ஒன்றுமில்லாத கோட்டை மத்தியானம்வரை பார்த்துவிட்டு, சேவியரிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "அடுத்த தடவை பெருக்கத்தை முன்னாடியே குறைச்சு வைங்க."

கேட்டவள்

அதற்கு மறுவருஷம் மரகதத்துக்குக் கொடைக்கானலுக்கே மாறுதல் கிடைத்தது. பெட்டி படுக்கையோடு இறங்கிய அன்றே, என் வேலையைப் பார்க்க வேண்டும் என்றாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு ரிசீவர் அறைக்குள் நின்றாள். ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடி வெகுநேரம் கேட்டாள். ஓயாத மழை மாதிரி ஓர் இரைச்சல், அவ்வளவுதான். எனக்கு என்னவோ பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல இருந்தது. ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் பதனமாக வைத்தாள். "இதக் கேக்கத்தான் எங்கள விட்டுட்டு இத்தனை வருசம் இருந்தீகளா?" என்றாள்.

சூரியனிலிருந்து ஒரு சேதி வந்துசேர எட்டு நிமிஷம் போதும், பெரியகுளத்திலிருந்து ஒரு டீச்சரம்மா மாறுதலாகி வரத்தான் ஆறேழு வருஷம் வேண்டும் என்பதே இந்த உத்தியோகத்தில் நான் சொந்தமாகக் கண்டுபிடித்த ஒரே உண்மை.