முள் நடுவில்தான் இருக்கிறது

வண்டியைக் கிளப்புவதற்கு முன் கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து மெல்லிய துணியை எடுத்து, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளுக்கு மேலிருக்கும் கண்ணாடியைத் துடைக்கிறார். வாயால் ஊதித் துடைக்கிறார். தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைக்கிறார். அந்தக் காரில் பளபளவென்று இருப்பது அந்தச் சின்ன வட்டம் ஒன்றுதான். மற்றதெல்லாம் துருவும் ஒட்டுப்போட்ட சீட்டும்.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரார் பார்வைக் கோளாறையெல்லாம் அரையா காலா என்று அளந்து சொல்கிற மனிதருக்கு இந்த முள் மட்டும் எப்போது பார்த்தாலும் நடுவிலேயே நிற்கிறது. பக்கத்துச் சீட்டில் இருக்கும் மனைவிக்கோ அது சிவப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

"என்னங்க, முள்ளு செவப்புக்குப் போயிருச்சு."

"நீ சைடுலேந்து பாக்கற. அங்கேந்து பாத்தா அப்படித்தான் தெரியும். நேரா பாக்கறவனுக்கு நடுவுலதான் இருக்கு."

"அப்ப அந்தப் புகை? அதையும் சைடுலேந்துதான் பாக்கறேனா?"

 அவர் கை மெதுவாகப் போய் ஹீட்டரைத் திருகும். உச்சி வெயிலில், கண்ணாடிகளை இறக்கிவிட்டு, முழு வேகத்தில் ஹீட்டர். எஞ்சின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டால் அதற்குப் பாரம் குறையும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் உள்ளே இருப்பவர்கள் அவிந்துபோவார்கள். "எஞ்சினுக்குக் காய்ச்சல்னா எனக்கு எதுக்குங்க வேர்க்கணும்?" என்று மனைவி கேட்டால், "பங்கு போட்டுக்கறோம்மா, பாவம்" என்பார்.

அந்த வண்டிமேல் அவருக்கு அப்படியொரு பாசம். ஏன் என்று கேட்டால், "அது எனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?" என்று திருப்பிக் கேட்பார். செய்த கெடுதலை மனைவி விரல்விட்டு எண்ண ஆரம்பித்தால் கடையில் வேலை இருக்கிறது என்று எழுந்துவிடுவார்.

நிஜமாகவே ஆவி கிளம்பிவிட்டால் ஆளே மாறிவிடுகிறார். சாக்குப்போக்கெல்லாம் போன இடம் தெரியாது. ஓரம்கட்டுவார், எஞ்சினை அணைப்பார், நாலு மூலை விளக்கையும் மினுக்கவிடுவார், மனைவியைச் சாலையை விட்டு நன்றாகத் தள்ளி நிறுத்துவார். பிறகு ரேடியேட்டர் மூடிக்குக் காவல். நம் ஜனங்களுக்கோ ஆவி விடும் வண்டியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. "மூடியத் தொறங்க சார், காத்து வாங்கட்டும்" என்பார் ஒருவர். "ஒரு குடம் பச்சத்தண்ணி ஊத்துங்க" என்பார் இன்னொருவர். ஆளாளுக்கு நாட்டாமை.

"தொறந்தா மூஞ்சி வெந்துரும். பச்சத்தண்ணி ஊத்தினா எஞ்சின் வெடிப்பு விட்டுரும். ஆறட்டும். அதுவரைக்கும்... அண்ணே, அதோ போற லாரி நம்பர் தெரியுதா உங்களுக்கு?"

அண்ணன் கண்ணை இடுக்குவார். அவ்வளவுதான், தொலைந்தார். எஞ்சின் ஆறி முடிப்பதற்குள் கூடி நின்ற அத்தனை பேருக்கும் கண் பரிசோதனை நடந்து, ஆளுக்கொரு கடை அட்டை கைக்கு வந்திருக்கும். மூடியின் ஞாபகம் ஒருவருக்கும் இருக்காது.

மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். போன முறை தன் அக்கா வீட்டு வாசலில் இந்தக் கார் கயிறு கட்டி இழுக்கப்பட்டு வந்து நின்றபோது சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ கயிறு கட்டினா, அதே கயிறோட பழைய இரும்புக் கடைக்குத்தான்." தன் தம்பியைச் சாட்சி வைத்துக்கொண்டு சொன்னார். கண்ணாடிக்காரரும் தலையாட்டித் தொலைத்தார்.

அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை ஆவி வந்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி அதற்குள் தம்பிக்குப் போன் போட்டாயிற்று. ஜீப்பில் வந்து குதித்த மச்சினன், வந்த வேகத்திலேயே மூடியில் கை வைக்கப் போனான்.

"அத்தான், ஒரு திருகு, தண்ணி, கிளம்பிரலாம்."

கண்ணாடிக்காரர் அவனை இடுப்போடு கட்டிப் பிடித்து இழுத்தார். இருவரும் புல்லில் போய் விழுந்தார்கள். "உங்கக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது மாப்ளே? கடைசில கண்ணு பரிசோதிக்கக் கண்ணே இருக்காதுடா!"

நன்றாக ஆறிய பிறகு, கனத்த துணியைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். தண்ணீர் ஊற்றினார். மேலே ஊற்ற ஊற்றக் கீழே வழிந்தது. ரப்பர் குழாய் கிழிந்திருந்தது. கண்ணாடிக்காரர் ஒன்றும் நடக்காததுபோல அந்த ஈரத்தின்மேல் போய் நின்றுகொண்டார். ஈரம் அவர் செருப்பைத் தாண்டி மனைவி நின்ற இடம்வரை ஓடியது.

"கயிற எடுடா" என்றார் மனைவி.

கயிற்றைக் கொக்கிகளில் மாட்டியவரும் கண்ணாடிக்காரரே, அழாத குறையாக. அந்த நிலையிலும் வாய் ஓயவில்லை. "மாப்ளே, வெடுக்குனு இழுக்காத, கயிறு மெல்ல விறைக்கட்டும். எஞ்சின் ஓடாதப்ப எனக்குப் பிரேக்கு கல்லு மாதிரி இருக்கும், மெதுவா போ. சாவி போட்டுத்தான் இருக்கணும், இல்லன்னா ஸ்டீயரிங் பூட்டிக்கும்." மனைவி வழக்கம்போல் பக்கத்துச் சீட்டுக் கதவைத் திறந்தார். "கட்டி இழுக்கற வண்டில நீ கூடாது. ஜீப்புல ஏறு."

ஊர்வலம் கிளம்பியது. பின்னால் கண்ணாடிக்காரர், கயிறு தொய்யாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டினார். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் தானே ஓட்டிப் போவதுபோல் கியரைத் தொட்டுக்கொண்டார்.

முச்சந்தி வந்தது. இடது பக்கம் வீடு. வலது பக்கம் பழைய இரும்புக் கடை. ஜீப்பின் வலது விளக்கு மினுக்கியது. கண்ணாடிக்காரர் தன் இடது விளக்கைப் போட்டுவிட்டு, நியாயஸ்தன்போல நேரே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு வண்டிகள் ஆளுக்கொரு திசை காட்டவும் பின்னால் வந்தவர்கள் குழம்பி நின்றார்கள். வசவுகள் பறந்தன. மச்சினன் ஜீப்பை மெல்ல ஓரம்கட்டினான்.

மனைவி இறங்கினார். இடுப்பில் கை. சண்டை போடும் அவசரத்தில், இரண்டு வண்டிக்கும் நடுவே புகுந்து கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

"அங்க வராத!" கண்ணாடிக்காரர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. "கயிறு அறுந்தா மேலயே அடிக்கும். வண்டிய எந்தக் கடைல வேணாலும் போட்டுக்க. நீ மொதல்ல தள்ளி நில்லு!"

மனைவி தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தார். பேச வந்ததை மறந்துபோனார்.  பிறகு நன்றாக விலகி, சுற்றிக்கொண்டு போய், ஜீப்பில் ஏறித் தம்பியிடம் ஏதோ சொன்னார். தம்பி தலையில் அடித்துக்கொண்டான். வலது விளக்கு அணைந்தது. இடது விளக்கு மினுக்க ஆரம்பித்தது.

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, தன்னை இழுத்துக்கொண்டு போகும் ஜீப்பைப் பார்த்து வழிவிடச் சொல்லி ஹார்ன் அடித்தார்.