எண்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றாதவன்

இட ஒதுக்கீட்டுக்காக இன்று சாலை மறியல். கச்சிராயபாளையத்தில் நான் ஏறிய டவுன் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மனைவி காத்திருக்கிறாள்.

பக்கத்து சீட்டில் என் வயதுக்காரர் ஒருவர். கல்வராயன் மலையிலிருந்து சாமை விற்க வந்தவர். அவரிடம் என் கொள்கையை விளக்கினேன். போன் சார்ஜை இருபதுக்குக் கீழே இறக்கக்கூடாது, எண்பதுக்கு மேலே ஏற்றக்கூடாது. அப்போதுதான் பேட்டரி உழைக்கும்.

மறியல் வீடியோவாகப் பார்த்துப் பார்த்து, இரண்டு மணி நேரத்தில் என் போன் அணைந்தது.

அவர் பிளாஸ்டிக் கவரைப் பிரித்துத் தன் போனை ஆன் செய்தார். தொண்ணூற்றாறு!

"எப்ப சார்ஜ் போட்டீங்க?"

"போன வாரம் சந்தைக்கு எறங்குனப்ப, கடையில ஃபுல்லா ஏத்திக்கினு போனதுங்க. மலையில டவர் கெடையாது. ஆன்ல வச்சா டவரத் தேடிக்கினே சார்ஜ் தீந்துபூடும். அதான் ஆஃப் பண்ணியே வச்சிருப்பேன். இந்தாங்க, வூட்டுக்குப் பேசுங்க."

வாங்கிய பிறகுதான் தெரிந்தது, மனைவியின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. தெரிந்தது என் நம்பர் மட்டும். கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாமல் அதையே அடித்தேன்.

"இன்னா சார், எடுக்கலியா?"

"ஸ்விட்ச் ஆஃப்னு வருதுங்க."

"பாவம், அவங்களும் எம்பதோட நிறுத்திட்டாங்க போல."

மனைவி நம்பரைப் பார்க்காமல் சொல்லத் தெரிந்த ஆண்கள் கமெண்டுக்கு வாருங்கள். நம்மில் எத்தனை சதவீதம் தேறுகிறது என்று பார்ப்போம்.