கேப்டன் தொடாத கல்

எங்கள் அத்தானை எல்லோரும் ‘கேப்டன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பலும் கிடையாது, கிரிக்கெட்டும் கிடையாது. வைத்திருப்பது மூக்குக்கண்ணாடிக் கடை. காலையில் என்னையும் சேர்த்து ஒரு கூட்டத்தை மேய்த்துக்கொண்டு ஓடுவார், அதற்குத்தான் இந்தப் பட்டம். ஓட்டம் மணிக்கூண்டில் தொடங்கி, பழைய நூலகம், கோட்டை வாசல் என்று போய், பழைய சிறைச்சாலைச் சுவரில் முடியும். ஒவ்வொரு இடத்திலும் நிறுத்திச் சரித்திரம் சொல்வார். பாதி புளுகு.

சிறைச்சுவரின் மூலையில் ஒரு கருங்கல் துருத்திக்கொண்டிருக்கும். அதை உள்ளங்கையால் தொட்டு, அந்தக் கைக்கு முத்தம் கொடுத்தால்தான் ஓட்டம் கணக்கில் சேரும். விடுதலையான கைதிகளின் வழக்கமாம். அதுவும் அத்தான் கட்டிய கதைதான். அந்த மூலையில் அடிக்கும் நாற்றம் இருக்கிறதே, சீச்சீ, மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியாது.

“என்ன அத்தான், இப்படி நாறுது?”

“பழைய கல்லுன்னா அப்படித்தாம்மா. சரித்திர வாசனை.”

வாசனையாம்! நான் அதைத் தொட்டதே இல்லை. அவரும் தொட்டதில்லை. கேட்டால், “கேப்டன் கடைசியாத்தான் தொடணும்” என்பார். கடைசியில் ஷூ லேஸ் கட்டக் குனிந்துகொள்வார்.

என் அக்காவுக்கு அந்தக் கல் உயிர். இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் கிடந்தபோதே, “எந்திரிச்சேன்னா அந்தக் கல்லைத் தொட்டுட்டுத்தான்டி மறுவேலை” என்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு மணிக்கூண்டு வரை நடந்தாள். பிறகு அழுதுகொண்டே நூலகம் வரை. கட்டிய புருஷனான அத்தான் ஒருநாள்கூடத் துணைக்கு வரவில்லை. “எல்லாருக்கும் முன்னாடி போய் வழி காட்ட ரோட்டுல சாக்பீஸால அம்பு போடணும்” என்று இருட்டோடு கிளம்பிவிடுவார்.

ஒருநாள் காலை அக்கா கடைசி வரைக்கும் வந்துவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கல்லில் உள்ளங்கையை வைத்தாள். அத்தான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், அப்படியே மூடிக்கொண்டார். அக்கா கைக்கு முத்தம் கொடுத்தாள். ஆசை அடங்காமல் இன்னொரு முறை கொடுத்தாள்.

சந்தோஷத்தில் பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து உரித்து, முதல் சுளையை அத்தான் வாயருகே நீட்டினாள். மனுஷன் பாம்பைக் கண்டவர்போல் பின்னால் துள்ளினார்.

“ஐயய்யோ, மொதல்ல கையக் கழுவு!”

“ஏன்? எல்லாரும் தினம் முத்தம் கொடுக்குற கைதானே?”

கூட்டத்திலிருந்த பல் டாக்டர் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். முகம் கோணியது. “கேப்டன், அம்பு போட விடியுறதுக்கு முன்னாடி இங்க வர்றது நீங்க ஒருத்தர்தானே?”

“பக்கத்துல கழிப்பறை இல்லப்பா… ஒரு அவசரத்துக்கு…”

ஒருவர் ஓடிப்போய் வாந்தி எடுத்தார். மற்றவர்கள் உதட்டைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார்கள். தூ! இதுவும் ஒரு ஜென்மமா என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அக்கா கத்தவில்லை. “நான் கல்லைத் தொட்டப்போ பார்த்துக்கிட்டுத்தானே நின்னீங்க?”

அத்தான் தலையைத் தொங்கப்போட்டார்.

நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை.

“வாயத் திறங்க” என்றாள்.

திறந்தார். கழுவாத கையால் சுளை சுளையாக ஊட்டினாள். பழம் தீரும்வரை யாரும் அங்கிருந்து நகரவில்லை.