பிணைக் கையெழுத்து

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய மாதங்கள் அவை. தெல்லிப்பழைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வியன்னாவிலிருந்து தப்பி வந்த யூதப் பெண் ஒருவர் வேலை செய்தார். டொக்டர் அம்மா என்போம். வயிற்றில் குறுக்கே கிடந்த எங்கள் மகளை உயிரோடு எடுத்துத் தந்தவர் அவர்.

ஒரு பகல் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஹிட்லரின் நாசிகளிடமிருந்து தப்பிய அவருடைய தம்பி கொழும்புத் துறைமுகத்தில் கப்பலில் நின்றார். காணி உள்ள இவ்வூரார் ஒருவர் பிணை நின்றால்தான் இறங்கவிடுவார்களாம். இல்லாவிட்டால் அதே கப்பல் அவரைத் திருப்பிக் கொண்டுபோய்விடும். சொல்லி முடிக்கும்வரை அவர் கதிரையில் இருக்கவில்லை.

"என்ரை அளவெட்டிக் காணியை ஈடு வைப்பம்," என்றாள் என் மனைவி, என்னைக் கேளாமலே.

அது அவளுடைய சீதனக் காணி. ஆனால் எங்கள் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி, கணவன் கையெழுத்து வைக்காமல் அதை ஈடு வைக்க முடியாது.

டொக்டர் அம்மா போனபின், "இண்டைக்கு அட்டமி. நாளைக்கு நவமி. கழியட்டும்," என்றேன்.

"பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கேக்கை பஞ்சாங்கத்தைப் பகிடி பண்ணிப்போட்டு, வீட்டுக்கு வந்து சாத்திரியாரோ? கப்பல் நவமி பாத்தே நிக்கும்?"

"எழுத்துக் காரியமப்பா. பிறகு பிள்ளைக்கு ஏதும் எண்டால்?"

அவள் அடங்கிப்போனாள். அதற்காகத்தான் பிள்ளையை இழுத்தேன். நாளில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. முகம் தெரியாத ஒருவனுக்காக அந்தச் செம்மண் தோட்டம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம்தான். நாள் கடத்தினால் காரியம் தானாகவே நின்றுவிடும் என்று நினைத்தேன்.

நவமியன்று பின்னேரம் டொக்டர் அம்மா சைக்கிளில் மறுபடி வந்தார். நான் கிணற்றடியில் மறைந்து நின்றேன்.

"அவர் வெளியிலை போயிட்டார், டொக்டர் அம்மா. நாளைக்குக் காலமை கட்டாயம் வருவம்," என்று மனைவி எனக்காகப் பொய் சொன்னது கேட்டது.

மறுநாள் காலை பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போய்க் கையெழுத்து வைத்தேன். கொழும்புக்குத் தந்தி போனது. கப்பல் முதல்நாள் மாலையே வெளிக்கிட்டுவிட்டது என்று பதில் வந்தது.

அந்தத் தம்பியைப் பற்றி அதன்பின் எவருக்கும் எதுவும் தெரியவரவில்லை.

பதில் வந்த அன்று டொக்டர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கேட்ட எல்லோரும் மறுத்தார்கள், நீங்கள் ஒருவர்தான் கையெழுத்து வைத்தீர்கள் என்று நன்றி சொன்னார். மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.