நிந்தவூரில் ஒரு ஜனாஸா

கல்முனைக் கரையோரம் போகிறவர்கள் என்னிடம் கடற்கரையைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு மரண வீடு. எண்பதுகளின் தொடக்கம், மாசி மாத வியாழக்கிழமை. மட்டக்களப்பில் என்னுடன் படிப்பித்த காசிமுக்கு, வாப்பா மௌத்தாகிவிட்டார் என்று தந்தி வந்தது. அவரைத் தனியே அனுப்ப மனம் வரவில்லை, நானும் கிளம்பினேன்.

காலை 9.10 பஸ். அவருடைய ஊரான நிந்தவூருக்கு ஏறக்குறைய 46 கிலோமீற்றர், டிக்கெட் ஐந்து ரூபாய். களுவாஞ்சிக்குடியில் டயர் காற்றுப் போய் அரை மணி நேரம் வீண். இறங்கும்போது 11.50.

முற்றத்தில் அழுகையைவிட வாக்குவாதமே பெரிதாகக் கேட்டது. காசிமின் தம்பி நஸீர் சவூதியில் மார்க்கம் படித்துத் திரும்பியவர். மையவாடியில் அடக்கிய பின், கப்றடியில் இறந்தவரை நோக்கி ஓதும் தல்கீனுக்கு மார்க்கத்தில் ஆதாரமில்லை என்பது அவர் கட்சி. ஊரோ அதைத் தலைமுறைகளாக ஓதி வருகிறது.

"இவன் மையவாடிக்கே வரப்படா!" என்று கத்தினார் அவர்களுடைய மாமா.

பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்கார் காசிமைப் பார்த்தார். மூத்த மகன் சொல்லட்டும் என்று எல்லோரும் அடங்கினார்கள்.

"தல்கீன் ஓதித்தான் வாப்பாவ அடக்குவம்," என்றார் காசிம். "ஆனா ஜனாஸாத் தொழுகைய தம்பிதான் தொழுவிக்கணும்."

நஸீர் திகைத்து அண்ணனைப் பார்த்தார். "காக்கா, தல்கீனுக்கு நான் வாய் திறக்க மாட்டன்."

"ஓம், திறக்க வேணாம். எனக்குப் பக்கத்தில நில்லு."

பள்ளிவாசலில் நஸீர் முன்னால் நின்று தொழுவித்தார். மாமா வாசலிலேயே தயங்கினார். பிறகு கடைசி வரிசையில் போய்ச் சேர்ந்தார். முஸ்லிம் அல்லாததால் வெளியே நின்ற என்னை மரைக்கார் கண்டு, "சேர், வெயிலுக்க நிக்காதீங்க, உள்ளுக்கு வாங்க," என்று விறாந்தையில் இருத்தினார். மையவாடியில் பள்ளிவாசல் லெப்பை தல்கீன் ஓதியபோது நஸீர் மௌனமாக அழுதுகொண்டு நின்றார். காசிமின் கை அவர் தோளில் கிடந்தது.

பின்னேரம் நஸீரிடம், "மனவருத்தம் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு சேர். நாளைக்கும் காக்காவோட தர்க்கம் பண்ணுவன். அதுக்காக இவங்கள விட்டுட்டு எங்க போற?"

போகிறவர்களுக்கு: வெள்ளி நண்பகலில் கடைகள் பூட்டியிருக்கும். பள்ளிவாசலுக்குள் அழைத்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்காமல் போங்கள்.

எங்கள் ஊர்க் கோயில் சபையில், இதைவிடச் சின்ன விஷயத்துக்காக ஒருவரோடு ஐந்து வருடம் கதைக்காமல் இருந்தவன் நான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசல் படலையைத் திறந்தேன்.