அத்தாவோடு ஒரே தட்டில்

ரோட்டர்டாம் துறைமுகத்தில் நான் வேலை பார்க்கும் குளிர்க்கிடங்கில், மத்தியானம் எல்லோரும் ஒரே நீள மேசையில் உட்கார்ந்து தனித்தனியாகச் சாப்பிடுவோம். டப்பாவைத் திறந்ததும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து "ஏட் ஸ்மாகலுக்" என்பார்கள். நன்றாகச் சாப்பிடு என்று பொருள். அத்தோடு சரி. அவரவர் ரொட்டி, அவரவர் வாய். வந்த புதிதில் இது தெரியாமல் நான் என் டப்பாவைத் திறந்து மேசை நடுவுக்குத் தள்ளி வைத்துவிட்டு, யாராவது கை வைக்கட்டும் என்று காத்திருப்பேன். ஒருவரும் வைக்க மாட்டார்கள். ஒருநாள் அன்னெக்கே என்ற அம்மாள் என் டப்பாவை மெல்ல மூடி, "வயிறு சரியில்லையா?" என்று கேட்டார். எனக்கு அப்போது தெரிந்த டச்சு மொழியில் ஆமாம் என்பது ஒன்றுதான் சட்டென்று வாயில் வரும். ஆமாம் என்றேன். மறுநாள் எனக்காக உப்புச் சப்பில்லாத பிஸ்கட் ஒரு பாக்கெட் கொண்டுவந்து வைத்திருந்தார். பல மாதங்கள் அந்தக் கிடங்கில் நான் வயிற்றுக்கோளாறுக்காரனாகவே உலவினேன்.

இப்போது சிரிப்பாக இருக்கிறது. ஆனால் தொண்ணூற்றெட்டு டிசம்பரில் அண்ணன் போன் செய்து, "அத்தா சாப்புடறதே இல்லடா. நீ ஒருதரம் வந்துட்டுப் போ" என்றபோது, அந்த பிஸ்கட் பாக்கெட்டில்தான் பதில் இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீடு கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்ற பகுதியில் இருக்கிறது. அத்தா என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் அப்பா அடிவாரத்து ஊர்க்காரர். மிளகு வாங்க மலையேறி, வீடு வீடாகப் போய், கடைசியில் அங்கேயே கடை போட்டு வீடும் கட்டிக்கொண்டார். சுற்றிலும் விவசாயம் பார்க்கும் கவுண்டர் வீடுகள். நடுவில் ராவுத்தர் வீடு எங்களுடையது ஒன்றுதான். அம்மா போன பிறகு அத்தாவுக்கு மறதி வந்தது. முதலில் பேர்கள் போயின, பிறகு ஆட்கள் போனார்கள். அண்ணனும் அண்ணியும்தான் பார்த்துக்கொண்டார்கள். நான் நெதர்லாந்திலிருந்து போனில் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு வாரம்கூட முழுதாக இல்லாத லீவில் போய் இறங்கினேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, பெட்டிக்குள் நான் வாங்கிப்போன சத்துமாவு டப்பாக்கள் கடகடவென்று உருண்டன. அத்தாவைப் பார்த்தேன். சட்டைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. சத்துமாவைக் கலக்கிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு எதுக்குங்க? வெள்ளையடிக்கற ஆளு வந்திருக்குதா?" என்று மரியாதையாகக் கேட்டார். என்னை அடையாளம் தெரியவில்லை. சேலத்து டாக்டர், இந்த நோயில் பசி என்பதே மறந்து போகும், வற்புறுத்தாதீர்கள் என்று சொல்லியிருந்தார். அண்ணி வற்புறுத்தவில்லை. வீட்டில் எல்லோருக்கும் முன்பாக, நல்ல பீங்கான் தட்டில், சோறும் குழைய வேகவைத்த கறியும் போட்டு, டைனிங் டேபிளில் அவர் ஒருத்தருக்கு மட்டும் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வார். பெரியவருக்கு அதுதான் மரியாதை. அத்தா தட்டைப் பார்ப்பார், எங்களைப் பார்ப்பார், பிறகு தட்டை மெல்ல எதிர்ப்பக்கம் தள்ளுவார். "பாத்தியா, வேண்டாங்கறாரு" என்பார் அண்ணன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு போவார்.

வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அத்தா தட்டைத் தள்ளிய விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பொறி தட்டியது. வேண்டாதவர் அப்படித் தள்ள மாட்டார். சரியாக மேசை நடுவில், எதிரே இருப்பவருக்கும் கை எட்டும்படி நிறுத்திவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நான் டப்பாவைத் தள்ளியது போலவே! எங்கள் பக்கத்தில் விசேஷங்களில் பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். அதற்குச் சகன் என்று பேர். சின்ன வயதில் எங்கள் வீட்டில் தினமுமே அத்தாவும் அண்ணனும் நானும் ஒரே சகன்தான். கூட இருப்பவன் கை வைக்கும்வரை அத்தா கை வைக்க மாட்டார். டைனிங் டேபிள் வந்ததும் சகன் பரணுக்குப் போய்விட்டது. பெற்ற பிள்ளையை மறந்த மனுஷர், முந்திக்கொண்டு கை வைக்கக் கூடாது என்பதை மட்டும் மறக்கவில்லை.

பரணிலிருந்து சகனை இறக்கிக் கழுவி, பாய் விரித்து, அவர் எதிரே உட்கார்ந்து பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை வைத்தேன். அத்தாவும் வைத்தார். பாதிச் சோறு உள்ளே போனது. அண்ணி அடுப்படிக்குப் போய் அழுதார். அண்ணன், "இத்தன மாசம் தட்ட எடுத்துட்டு எடுத்துட்டுப் போனமேடா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். இதைக் கேட்டு, கண்டுபிடித்துவிட்டேன், இனி எல்லாம் சரி என்று நான் எழுதப்போவதாக நினைக்காதீர்கள். மறுநாள் அதே சகன், அதே பாய், நான் கை வைத்தும் அவர் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதற்கடுத்த நாள் தானாகவே வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். இன்றுவரை எனக்கு விளங்காத கணக்கு அது. ஒன்று மட்டும் நிச்சயம். கூட யாராவது சாப்பிட்டால் சாப்பிட்டாலும் சாப்பிடுவார். தனியாக என்றால் ஒரு பருக்கைகூட இறங்காது.

அப்படியிருக்கும்போதுதான் பிறை தெரிந்தது. ரமலான்.

பகலெல்லாம் வீட்டில் ஒருவர் வாயிலும் தண்ணீர்கூடப் படாது. அத்தாவுக்கு நோன்பு கடமையில்லை, நோயாளி. ஆனால் கூட உட்கார்ந்து சாப்பிட ஆளில்லையே! சாயங்காலம் நோன்பு திறக்கும்போது சேர்ந்து சாப்பிடலாம் என்றால், அந்தி சாய்ந்ததும் அத்தா வேறு ஆளாகிவிடுவார். கடைச் சாவியைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார், உட்காரவே மாட்டார். மத்தியானம் ஒன்றுதான் அவருக்கு நல்ல நேரம். மாமனாரோடு மருமகள் ஒரே சகனில் உட்காரும் வழக்கம் எங்களிடம் இல்லை. அண்ணன் பிள்ளைகள் சேலத்தில் படிக்கிறார்கள். பக்கத்துக் காட்டு வெள்ளையண்ணன் ஞாபகத்துக்கு வந்தார். அத்தாவுக்கு நாற்பது வருஷச் சிநேகிதர், நோன்புக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. போய்க் கூப்பிட்டேன். உடனே வந்தார், வெறுங்கையோடு வராமல் குச்சிக்கிழங்கும் கொண்டுவந்தார். சகன் முன்னால் உட்கார்ந்தவர் எங்கள் காய்ந்த உதடுகளைப் பார்த்தார். அப்படியே எழுந்துவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க சாமி. ஊட்டுல அத்தன பேரும் வாயில தண்ணி படாம இருக்கறப்ப எனக்கு எப்படிங்க சோறு எறங்கும்? ராவுத்தர் நல்லா இருந்திருந்தா என்னய உக்கார உட்டிருப்பாரா?"

"அவருக்காகத்தானுங்கண்ணே. நீங்க ரெண்டு வாய் வெச்சாப் போதும்" என்றேன்.

"பெரிய நோம்புங்க அது. அதுக்கு நடுவுல உக்காந்து நான் திங்க மாட்டனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். எங்கள் மார்க்கத்துக்கு எங்களைவிட அவர் அதிகம் பயந்தார். அவரைக் கோபிக்கவும் முடியவில்லை, நோன்பைக் கோபிக்கவும் முடியவில்லை. அன்றும் மறுநாளும் அத்தா சகனை நடுவுக்குத் தள்ளிவிட்டுக் காத்திருந்தார். மூன்றாம் நாள் எழுந்து நிற்கும்போது கால் துவண்டு சுவரைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் அன்றைக்குக் கடையைத் திறக்கவே இல்லை.

"அடிவாரத்துக்குப் போயி ஹஜ்ரத்தக் கேப்போம். வா" என்றார்.

இருவரும் பஸ் பிடித்து இறங்கினோம். பள்ளிவாசலில் தொழ வைக்கும் ஹஜ்ரத் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அண்ணனைப் பார்த்து, நீங்கள் திடமாக இருக்கிறீர்கள், நோன்பை விடும்படி உங்களுக்கு என்னால் சொல்ல முடியாது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பயணத்துல இருக்கறவருக்குச் சலுகை உண்டுங்க. இப்ப விட்டுட்டு அப்புறமா வேற நாள்ல ஈடா நோம்பு வெச்சுக் களாச் செஞ்சுக்கலாம். நீங்க பயணிங்களா?"

"நெதர்லாந்துல இருந்து வந்திருக்கனுங்க. லீவு இன்னும் கொஞ்ச நாள்தான்."

"அது சரிங்க. ஆனா பொறந்த ஊருக்கு வந்து சேந்துட்டா பயணம் முடிஞ்சுது. ஒருத்தர் தன் ஊரையே விட்டுட்டு வேற ஊரத் தன் ஊரா ஆக்கிட்டா, அவரு இங்க கொஞ்ச நாள் தங்க வந்தாலும் பயணிதான். அதனால கேக்கறேன். திரும்பி வந்து இங்க இருக்கற எண்ணம் உண்டுங்களா, இல்லீங்களா?"

இந்தக் கேள்வியை என்னிடம் இதுவரை யாரும் இப்படி நேராகக் கேட்டதில்லை. அண்ணன் கேட்கும்போதெல்லாம் "வந்துருவேண்ணே, இன்னும் ரெண்டு வருஷம்" என்பேன். அங்கே அன்னெக்கே கேட்டால், எங்கள் மலைக்குத்தான் திரும்பப் போகிறேன் என்பேன். அத்தா நினைவு நன்றாக இருந்த காலத்தில் எனக்கென்று ஒரு அறை கட்டி வைத்தார். அதில் மிளகு மூட்டைகள்தான் இருக்கின்றன, இருந்தும் அதைத் தம்பி ரூம் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். வருவேன் என்ற சொல்லை நம்பித்தான் அந்த அறை நிற்கிறது. நானும் அதை நம்பித்தான் அந்தக் குளிர்க்கிடங்கில் காலம் தள்ளினேன். இப்போது வருவேன் என்று சொன்னால் நான் ஊர்க்காரன், நோன்பு பிடிக்க வேண்டும். மத்தியானம் அத்தா தனியாகக் காத்திருப்பார். வரமாட்டேன் என்றால் அவரோடு சாப்பிடலாம். பொய் சொல்லிப் பள்ளிவாசலில் சலுகை வாங்கவும் முடியாது. உண்மை எது என்று உள்ளே தேடிப் பார்த்தேன். எனக்கே தெரியவில்லை. டச்சுக்கார மனைவி, அந்த ஊர்ப் பள்ளியில் படிக்கும் மகள், அங்கே வாங்கிய வீடு என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்தன. அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க ஹஜ்ரத்" என்றேன். "இங்க வந்து தங்க மாட்டேன்."

ஹஜ்ரத் தலையை அசைத்தார். திரும்பும் பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஏழெட்டு வளைவு தாண்டிய பிறகு, "அத்தாவுக்காகச் சொன்னயா, நெசமாவே சொன்னயா?" என்றார். தெரியலண்ணே என்றேன்.

மறுநாள் மத்தியானம் அண்ணி பருப்புச் சோற்றைச் சகனில் கொட்டி வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். நோன்பு வீட்டில் பகலில் மெல்லுகிற சத்தம் என்னுடையது மட்டும்தான். எனக்கே கூச்சமாக இருந்தது. அத்தா என் கையைப் பார்த்தார், தானும் கை வைத்தார். ஒரு வாய், இன்னொரு வாய் என்று நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டே போனார். கைகழுவத் தண்ணீர் ஊற்றினேன். ஈரக்கையைத் துடைக்காமல் என்னையே பார்த்தார். மிளகு வாங்கப் போய் நேரமாகிவிட்ட வீடுகளில் அவரிடம் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள் போலும். வீட்டுக்கு வந்த அந்நியரிடம் சொல்லும் அதே வாஞ்சையோடு சொன்னார்.

"கடைசி பஸ்ஸு போயிருக்குமுங்க. இன்னிக்கு இங்கயே தங்கிட்டுப் போங்க. எடம் இருக்குதுங்க, எம்மவனோட ரூம் சும்மாதான் கெடக்குது. அவன் இப்ப வரமாட்டான்."

வாசலில் அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"சரிங்க, தங்கிக்கறனுங்க" என்றேன்.