பீரோவுக்குள் போன குட்டி

குட்டிகள் கண் திறக்கும் முன்பே எங்கள் ராஜபாளையம் நாய் பாம்பு கடித்துச் செத்துப்போனது. பஞ்சுத் திரியைப் பாலில் நனைத்து ஊட்டிப் பார்த்தேன். சப்பத் தெரியாமல் ஒவ்வொன்றாகச் செத்து, ஒரே ஒரு குட்டிதான் மிஞ்சியது.

வீட்டில் ஒரு திருட்டுப் பூனையும் உண்டு. அதுவும் அப்போது குட்டி போட்டு எங்கோ ஒளித்து வைத்திருந்தது. மூடியைத் தள்ளிப் பாலைக் குடிக்கும். மர பீரோவை நகத்தால் இழுத்துத் திறக்கும். அன்றும் நாய்க்குட்டிக்கு வைத்திருந்த பாலைக் காலி செய்துவிட்டது. விளக்குமாற்றால் அடித்து விரட்டிவிட்டு எதிர்வீட்டில் பால் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் கூடையில் குட்டி இல்லை.

“பூனை தூக்கிட்டுப் போயிருச்சுங்க!” என்று அலறினேன்.

மில்லிலிருந்து அப்போதுதான் வந்த கணவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “இனி எங்கிட்டு தேடுறதுடி? இந்நேரம் கொன்னுருக்கும்.”

கட்டிலடி, விறகடுக்கு எல்லாம் அழுதுகொண்டே தேடினேன். பீரோக் கதவு லேசாகத் திறந்திருந்தது. ரத்தத்தைப் பார்க்கத் துணிந்துதான் குனிந்தேன்.

என் சேலைகள்மேல் பூனை படுத்திருந்தது. அதன் குட்டிகளுக்கு நடுவே எங்கள் நாய்க்குட்டி முண்டி முண்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பால் சட்டியை நான் மூடி வைத்ததே இல்லை.